அவள் மறந்த ஒன்பது மாதங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் முதலில் செய்த காரியம், தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனதுதான்.

முகத்தில் கோபமோ யோசனையோ எதுவும் இல்லை. படுக்கையறைக்குள் போனாள், தலையணை அங்கே கிடப்பதைப் பார்த்துக் கொஞ்சம் புருவம் சுருக்கினாள், யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதுபோல அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போய்விட்டாள். மகள் வெளியூருக்குப் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டில் காலியாகத்தான் இருந்தது. மாத்திரைப் பையும் டிஸ்சார்ஜ் காகிதங்களுமாக நடையில் நின்றிருந்த கணவனுக்கு அந்த நிமிஷமே விஷயம் விளங்கிவிட்டது. அவள் எதை மறந்திருக்கிறாள் என்று யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தேழு வயது. அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். குளத்துக்கு வருகிற சின்னது பெரிசு எல்லாருக்கும் அவள் 'கோச்'தான். அவர்களுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுக்க வேறு ஊரிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. இரண்டு வருஷ வேலை. தங்குவதற்கு வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவள் தேர்வுக்குப் போய்வந்து பதிலுக்காகக் காத்திருந்தாள். போன் வந்த நேரத்தில் அவள் குளத்தில் இருந்தாள். எடுத்தது அவன். அவனுடைய அம்மா அப்போதுதான் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்திருந்தாள். அவன் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. "அவங்களுக்குத் தோதுப்படாதுங்க, வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். சொன்னதை அவளிடம் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து, பொறுக்க முடியாமல் அவளே அங்கே போன் செய்து கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறான். அன்று தலையணையை எடுத்துக்கொண்டு மகளோடு படுக்கப் போனவள் திரும்பவில்லை. மாமியாரை நாலு வருஷம், கடைசிவரைக்கும், ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டாள். அவனோடு மட்டும் பேச்சு அளவோடு நின்றுபோனது. காஸ் தீர்ந்துவிட்டது, மகளுக்குக் காய்ச்சல், மின்சார ஆள் வந்தான். அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒட்டாமல் பதினொரு வருஷம்.

அப்புறம் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லிஃப்ட் கூண்டின் மேல் குனிந்து குனிந்து வேலை செய்கிறவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எலும்பு டாக்டர், "நீந்துங்க. அதை விட்டா ஆபரேஷன்தான்" என்றார். ஊரில் இருப்பது ஒரே குளம். காலை ஆறு மணிக்கு ஆண்களுக்கான ஆரம்ப வகுப்பு. கோச் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே போய், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் கடைசியாக நின்றான். அவள் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்க புதுசா? அந்தப் பக்கம் நில்லுங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முதல்ல காலை மட்டும் அடிங்க" என்றாள். மற்றவர்களிடம் எப்படிச் சொன்னாளோ அப்படியே.

பதினைந்தாவது மாடியில் கம்பிக் கயிற்றை நம்பித் தொங்குகிறவனுக்கு நாலடித் தண்ணீரில் கம்பியை விடவே மனம் வரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பேங்க் காசாளர் ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார். என்ன செய்தாலும் முழுகவும் மாட்டார், முன்னேறவும் மாட்டார். எல்லாரும் அவரை 'வாத்து அண்ணன்' என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் மல்லாந்து மிதக்கும் பாடம். அவள் அவனுடைய பின்கழுத்தின் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"கழுத்தை என் கையில விடுங்க. நீங்களே தூக்கிப் பிடிக்காதீங்க."

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவள் கை அவன்மேல் பட்டது. அவன் கழுத்தை விட்டான். காதுக்குள் தண்ணீர் போய் உலகம் அடைத்துக்கொண்டது. அந்த அடைப்புக்குள், வானத்தைப் பார்த்தபடி, அவன் பேசினான். "அன்னைக்கு அந்த போன்ல நான் சொன்னது தப்பு. உன்னைக் கேக்காம சொன்னது பெரிய தப்பு. அதுக்கப்புறம் உன்கிட்ட மறைச்சது அதைவிடத் தப்பு."

தன் குரல் தனக்கே கேட்காததால் மெல்லப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். குளம் முழுக்கக் கேட்டிருந்தது. வாத்து அண்ணன் காலடிப்பதை நிறுத்திவிட்டார்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் கல்லுமாதிரி உள்ளே போனான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு எழுந்தபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"இப்ப சொல்லு. தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லு."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அவன் இருமிக்கொண்டே மறுபடி சொன்னான்.

அன்றிலிருந்து ஒன்பது மாதம். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவனுக்குத் தனியாக ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். குளத்துப் படியில் உட்கார்ந்து ஒரே ஃபிளாஸ்க் மூடியில் மாறி மாறி டீ குடித்தார்கள். பதினொரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவனைத் திட்டினாள். திட்டி முடித்ததும் சிரித்தாள். ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் அவன் வேலையிலிருந்து வந்தபோது அவளுடைய தலையணை அவனுடையதற்குப் பக்கத்தில் இருந்தது. இருவருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு முழுக்கக் குளோரின் வாசனை அடித்தது. அந்த வாசனையை இவ்வளவு பிடிக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

நோய் சொல்லிக்கொண்டு வரவில்லை. முதலில் தூக்கம் குறைந்தது. பிறகு, "இன்னைக்கு நீயே போ" என்று குளத்துக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பேச்சு. பிறகு சாப்பாடு. ஏதாவது மனக்கஷ்டமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவன் துருவித் துருவிக் கேட்டான். ஒன்றுமே இல்லை. ஆறாவது வாரம் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். மாத்திரையை வாயில் வைத்தால் அங்கேயே கரைந்து வழிந்தது. கடைசி மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

மனநலப் பிரிவு டாக்டர் ஒல்லியான, நிதானமாகப் பேசுகிற பெண்மணி. அவளைப் பார்த்துவிட்டு வந்து அவனை உட்காரவைத்தார்.

"தீவிரமான மனச்சோர்வு. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும். அவங்க உடம்பு அதுவரைக்கும் தாங்காது. ஈ.சி.டி. குடுக்கலாம்னு நினைக்கிறேன்."

"ஷாக் ட்ரீட்மென்ட்டா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க."

கரண்டைப் பற்றி அவனுக்குத் தெரியாததில்லை. ஒருமுறை ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டிருக்கிறான். "எத்தனை வோல்ட்டுங்க?" என்று கேட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வோல்ட்டை விட, எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம்ங்கறதைத்தான் பாக்கிறோம். ஒரு ஆம்பியருக்குக் கீழ, சில விநாடி. மயக்க மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவோம். தசை தளர்றதுக்கும் ஊசி உண்டு. மூளையில ஒரு வலிப்பு வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிரும். உடம்பு துள்ளாது. வாரம் மூணு தடவை, மொத்தம் எட்டோ பத்தோ."

"கெடுதல்?"

"எழுந்ததும் குழப்பம், தலைவலி. அப்புறம் ஞாபகம். சிகிச்சைக்கு முன்னாடி இருந்த சில மாசங்கள் மங்கிப் போகலாம். கொஞ்சம் திரும்பி வரும். கொஞ்சம் வராமலும் போயிரலாம். இதை நீங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

வெளியூரிலிருந்து மகள் போனில் அழுதாள். "சினிமால காட்டற மாதிரி அம்மாவைக் கட்டி வைப்பாங்களாப்பா? வேண்டாம்பா." அவன் டாக்டரையே அவளிடம் பேசவைத்தான். இன்னொரு டாக்டரும் வந்து பார்த்து எழுதிக்கொடுத்தார். அவன் கையெழுத்துப் போட்டான். உயிரா ஞாபகமா என்று வரும்போது யார்தான் உட்கார்ந்து தராசு பிடிப்பார்கள்?

மூன்றாவது தடவை முடிந்து கண் திறந்தவள், "தண்ணி" என்றாள். நர்ஸ் அம்மா டம்ளரை வாயில் வைத்ததும் மடமடவென்று குடித்தாள். அவன் வராந்தாவுக்கு வந்து சுவரோடு நின்று தேம்பி அழுதான். நாலாவது தடவைக்குப் பிறகு மகளைப் பற்றி விசாரித்தாள். ஐந்தாவதுக்குப் பிறகு டாக்டர் படிவத்தை அவளிடமே நீட்டி, "இப்ப நீங்களே முடிவு பண்ணலாம். தொடரலாமா?" என்று கேட்டார். அவளே கையெழுத்துப் போட்டாள். "நிறுத்திராதீங்க" என்றாள். எட்டோடு முடிந்தது.

அவள் பிழைத்துவிட்டாள். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. சாப்பிட்டாள், குளித்தாள், மகளோடு போனில் சிரித்தாள். பதினைந்தாம் நாள் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். அவனிடம், "காஸ் தீரப் போகுதுங்க" என்றாள்.

போன வருஷத்துக்கு முந்தையதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தது. அந்த போன் அழைப்பு, மாமியாரின் படுக்கை, பதினொரு வருஷக் கோபம். அதற்குப் பிறகு வந்த ஒன்பது மாதம்தான் இல்லை.

அவன் ஏங்கிப்போனான். ஏக்கம் என்று அதைச் சொல்லவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி செத்துப்போனவன் ஏங்கலாம், விட்டுவிட்டுப் போனவள் புருஷன் ஏங்கலாம். சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவளுக்காக எப்படி ஏங்குவது? ஆனால் ஏங்கினான். அவள் மருத்துவ விடுப்பில் இருந்ததால் வீட்டில் குளோரின் வாசனை போய்விட்டது. அலமாரியின் அடியில் கிடந்த தன் நீச்சல் துண்டை ஒருநாள் எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தான். சோப்பு வாசனைதான் வந்தது. வேலை இடத்தில், இருட்டான லிஃப்ட் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும்போது, "இப்ப சொல்லு, தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லு" என்ற குரல் அப்படியே காதில் கேட்கும். கூட வேலை செய்கிறவன் மேலேயிருந்து, "என்னண்ணே, சிக்கிக்கிட்டீங்களா?" என்பான்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது, அவள் ரத்தம் கொடுக்கப் போன நேரம் பார்த்து டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"என் பொண்டாட்டியை நான் என் பொண்டாட்டிகிட்டயே தேடிக்கிட்டு இருக்கேங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு தூரம் பின்னால போறது அதிகமா நடக்கிறதில்ல. ஆனா நடக்கும். கொஞ்சத்தை நோயே அழிச்சிருக்கும், கொஞ்சத்தை சிகிச்சை. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது."

"திரும்பி வருமா?"

"துண்டு துண்டா வரலாம். வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"நான் சொல்லட்டுமா அவகிட்ட?"

"சொல்லுங்க. ஆனா பரீட்சை வைக்காதீங்க. 'ஞாபகம் இருக்கா, இருக்கா'ன்னு கேட்டா அவங்களுக்குத் தோத்த மாதிரி இருக்கும். நடந்ததை நடந்ததாச் சொல்லுங்க, போதும்."

சொல்லலாம் என்றார் டாக்டர். அவன் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தானாக வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதுமட்டுமில்லை, சொன்னால் அது கதையாகிவிடும் என்று பயந்தான். அவள் நம்பாமல் போனால் அந்த ஒன்பது மாதத்துக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது என்று நினைத்தான்.

ஆள் இருந்தார். இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வாத்து அண்ணன் காலை அடித்துக்கொண்டே கேட்டாராம், "எங்க கோச், உங்க வீட்டுக்காரர் ஆளையே காணோம்? நல்லா நீந்திக்கிட்டு இருந்தாரே."

பகல் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். அவனுக்கு அன்று வார விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் உங்களுக்கு நீச்சல் கத்துக் குடுத்தேனாமே."

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து உருண்டு போனது. அவன் எடுக்கவில்லை.

"ஆமா."

"எத்தனை நாள்?"

"ஒம்பது மாசம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

அவன் சொன்னான். முதுகு வலியிலிருந்து ஆரம்பித்து, மல்லாந்து கிடந்து கத்தியது, அவள் கையை எடுத்தது, டீ, திட்டு, தலையணை எல்லாவற்றையும் சொன்னான். வேலை முடிந்து கணக்கு ஒப்பிக்கிறவன்போல வறட்சியாகத்தான் வந்தது. எந்த இடத்திலும் ஞாபகம் இருக்கா என்று கேட்கவில்லை.

"இதை ஏன் ரெண்டு மாசமா சொல்லல? டாக்டர் சொல்ல வேணாம்னாங்களா?"

"சொல்லலாம்னுதான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"தானா வரும்னு பாத்தேன்."

"மறுபடியும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாதுன்னு."

அப்படி ஒரு கோணம் அதில் இருக்கிறது என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

"உங்களுக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள், குரல் உயராமல். "கேட்டீங்க, மன்னிச்சாச்சு, நிம்மதியா இருந்தீங்க. எனக்கு அந்த போன் இன்னும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. மன்னிச்சது அவ. நான் இல்ல. பதினொரு வருஷம் சேத்து வச்ச கோபம் அது. அதைக் குடுத்துட்டு நான் என்ன வாங்கிக்கிட்டேன்னுகூட எனக்குத் தெரியலயே."

"இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

"வேணாம். ஒத்திகை பாத்துட்டுப் பேசற மாதிரி இருக்கும்."

அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடியே, "நாளைக்குக் குளத்துக்கு வாங்க. நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து ஆட்கள் கலைந்தபின் அவன் தண்ணீரில் இறங்கினான். நாலு மாதமாக நீந்தவில்லை, உடம்பு கனத்தது. ஆனால் கையும் காலும் மறக்கவில்லை. அந்தக் கரைக்குப் போய்த் திரும்பினான். அவள் கரையோரமாகவே, அவனுக்குச் சமமாக, வெறுங்காலோடு நடந்துவந்தாள்.

"இடது பக்கம் மூச்சு வாங்கறீங்க. யார் சொன்னது?"

"நீதான். வலது தோள்ல வலி இருக்கு, அந்தப் பக்கம் திரும்பாதன்னு."

"இன்னொரு சுத்து போங்க."

போனான். அவள் உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், எதிர்க்கரைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு கட்டிடத்தை விலைபேச வந்தவள்போலச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்தபோது படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

"இந்த வயசுல, இந்த முதுகோட, ஒம்பது மாசத்துல இது சாதாரணமா வராது. தினமும் கூட நின்னிருக்கேன். நான் இவ்வளவு பொறுமையா யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல." கொஞ்ச நேரம் தண்ணீரைக் காலால் அளைந்தாள். "பொறாமையா இருக்கு."

"யார்மேல?"

"அவமேல. சந்தோஷமா இருந்தாளா?"

"இருந்த" என்றான் அவன். அவள் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "ரொம்ப இருந்த."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு எட்டி அவள் பாதத்தைத் தொட வேண்டும்போல இருந்தது. இரண்டு முழ தூரம்தான். தொடவில்லை. தொடுகிற உரிமை கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிலைமை அது.

அதன்பிறகு அவர்களுக்குள் பேச்சு கொஞ்சம் கூடியது. ஆனால் அது பழைய ஒன்பது மாதத்துப் பேச்சு இல்லை. விருந்தாளிகள் இரண்டுபேர் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டதுபோல ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் நடந்துகொண்டார்கள். அவன் சொன்ன எதுவும் அவளுக்குத் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவள், "ஃபிளாஸ்க் மூடி சிவப்பா?" என்று கேட்டாள். உண்மையில் அது நீலம். "நீலம்" என்றுதான் சொன்னான். "ஓ" என்றாள்.

ஒரு மாதம் போனது. ஒரு சாயங்காலம் அவள் காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். ஒருநாள் பயணத் தூரத்தில் இருக்கிற ஊரில் சிறுமிகளுக்கான ஏழு மாதப் பயிற்சி முகாம். தலைமைப் பயிற்சியாளர் வேலை. தேர்வாகியிருந்தாள்.

"கேக்கல. சொல்றேன்" என்றாள்.

"சரி."

"சரின்னா?"

அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போகாதன்னு சொல்லணும்னு நெஞ்சு முட்ட இருக்கு. அதையும் மறைக்கக் கூடாதில்ல, அதான் சொல்லிட்டேன். ஆனா நீ போ."

அவள் அவனைப் பார்த்தாள். பார்வையில் இரக்கமா நன்றியா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "டாக்டரைப் பாத்துட்டுத்தான் போகணும். என்கூட வாங்க" என்றாள்.

டாக்டர் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அந்த ஊரில் இன்ன டாக்டர் என்று எழுதிக்கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, மறுபடி நோய் எட்டிப் பார்த்தால் முதலில் என்ன தெரியும் என்று இருவரையுமே எழுதச் சொன்னார். 'மூன்று நாள் சரியாகத் தூங்காமல் இருப்பது' என்று அவள் எழுதினாள். 'குளத்துக்குப் போகப் பிடிக்காமல் போவது' என்று அவன் எழுதினான். "போன் எடுக்காம இருந்தா?" என்று கேட்டான். "ரெண்டு நாள் எடுக்கலன்னா அவர் கிளம்பி வரலாமா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "வரலாம்" என்றாள். தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டார்கள்.

பஸ் நிலையத்துக்கு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, மாத்திரைப் பை எங்கே என்று இரண்டு தடவை கேட்டு, கண்டக்டர் விரட்டும்வரை உள்ளேயே நின்றான். இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்தபோது அவள், "முதுகைப் பாத்துக்குங்க. நீச்சலை விட்டுராதீங்க" என்றாள். பஸ் திரும்பி மறைந்தபிறகும் அவன் அங்கேயே இருந்தான். சுமை தூக்குகிற ஆள், "சார், அடுத்த பஸ்ஸா?" என்று கேட்டபோதுதான் நகர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேசுவது என்று ஏற்பாடு. முதல் சில வாரம் தூக்கம், சாப்பாடு, ரத்தப் பரிசோதனை என்று தாளில் உள்ளதைப் பேசி வைத்துவிடுவார்கள். ஏழு நாளும் அவன் அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே இருந்தான். சனிக்கிழமையே போனைச் சார்ஜில் போட்டுவிடுவான்.

ஆறாவது ஞாயிறு அவளே கேட்டாள். "இங்க ஒரு பொண்ணு. பத்து வயசு. குட்டையா துறுதுறுன்னு இருப்பா. காலடிக்கிறா, மூச்சு நல்லாப் பிடிக்கிறா. மல்லாந்து மிதக்கச் சொன்னா மட்டும் அலறிக்கிட்டு என் கழுத்தைக் கட்டிக்கிறா. உங்களுக்கும் அப்படித்தானே இருந்துச்சு? அன்னைக்கு எது பயமா இருந்துச்சு? முழுகிருவோம்னா?"

அவன் யோசித்தான். சும்மா ஒரு பதில் சொல்ல விரும்பவில்லை.

"முழுகறது இல்ல. காது அடைச்சதுதான். எல்லா சத்தமும் நின்னுபோய், எல்லாரும் என்னை விட்டுட்டுப் போய்ட்ட மாதிரி ஆயிருச்சு. அதுதான் பயம்."

"அதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"முதல்ல ஒண்ணும் செய்யல. நாலஞ்சு நாள் கழிச்சு நீயே கண்டுபிடிச்ச. கழுத்துக்குக் கீழ கையை வச்சுக்கிட்டே ஒரு விரலால தட்டிக்கிட்டே இருப்ப. மெதுவா. நின்னுச்சுன்னா கையை எடுக்கப் போறன்னு அர்த்தம். தட்டற வரைக்கும் நீ இருக்கன்னு எனக்குத் தெரியும்."

"இப்படி ஒண்ணு எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் மெதுவாக. "எந்த விரல்?"

"நடுவிரல்."

அடுத்த ஞாயிறு ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே போன் வந்தது. அந்தப் பெண் மிதந்துவிட்டாளாம். மிதந்துகொண்டே கண்ணைத் திறந்து, "கோச், இன்னும் தட்டுங்க" என்றாளாம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை அவன் போனோடு சேர்த்துக் காதில் அழுத்திக்கொண்டான்.

"வேற என்னெல்லாம் செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"மழையில ஒரு நாள் என்னை நீந்த வச்ச. அதைச் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

சொன்னான். இந்தமுறை வறட்சியாக வரவில்லை. மழைத்துளி தண்ணீரில் விழுந்து அவன் கண் மட்டத்தில் தெறித்தது, அவள் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் கூடவே ஓடியது, கடைசியில் குடையை வீசிவிட்டுத் தானும் குதித்தது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அவள் நடுநடுவே, "குடை என்ன ஆச்சு?" "அப்புறம்?" என்று கேட்டாள், யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்கிறவள்போல. ஆனால் அந்த ஒருத்தியை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது என்று குரலில் தெரிந்தது.

"இன்னும் எத்தனை இருக்கு இந்த மாதிரி?"

"ஒம்பது மாசத்துக்கு இருக்கு. வாரத்துக்கு ஒண்ணுதான் சொல்லுவேன்."

"எனக்கு இங்க இன்னும் அஞ்சு மாசம்தானே."

"மிச்சத்தை இங்க வந்து கேளு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்னால் விசில் சத்தமும் பெண்பிள்ளைகளின் கூச்சலும் கேட்டது. "கூப்பிடறாங்க, வைக்கிறேன்" என்றாள். வைப்பதற்கு முன்னால், "சாப்பிட்டுப் படுங்க" என்றாள்.

அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குளம் ஏழு மணிவரை திறந்திருக்கும். போய் நாலு சுற்று நீந்திவிட்டு வரலாம் என்று நினைத்தான். எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு எதைச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான்.